அபராதம் கட்டியாச்சே!

சென்ற மாதம் நாகர்கோவிலுக்குப் போயிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழி வந்துவிட்டால் போதும். கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும்போதே, 'ஊர் வந்துவிட்டது' என்று மனசு சொல்லிவிடும். இரு புறமும் மலை, நடுவே சாலை, சாலையோரமெல்லாம் சுழன்றுகொண்டிருக்கும் காற்றாலைகள். சிறு வயதிலிருந்தே எனக்கு அந்த இடம் எங்கள் வீட்டு வாசற்படி மாதிரி. ஆனால் இந்தத் தடவை வாசற்படி தாண்டும்போது உள்ளே ஒரு சங்கடம். வடசேரியில் இருக்கும் என் பெரியம்மை கேட்கப் போகும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அந்தச் சங்கடம்.

டெலிபோனில் ஏற்கனவே மூன்று முறை கேட்டுவிட்டாள். "அபராதம் கெட்டியாச்சே மக்களே! பொறவு என்னத்துக்கு அவன உள்ள விடமாட்டேங்கான்? நீ பத்திரிகையில எழுதுதவதானே? உனக்குத் தெரியாதா?"

பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற ஜீவன்கள் இன்னும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். பெரியம்மை அவர்களில் ஒருத்தி. அவளுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அவளுடைய மகன் அந்த அபராதத்தைக் கட்டியதற்கு நானும் ஒரு காரணம். அதை ஒப்புக்கொள்வதற்காகவும்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுப் பத்திரத்தை பாங்கியில் வைத்து, படிப்புக் கடன் வாங்கிக்கொண்டு, 2021-ல் மேல்படிப்புக்காக அமெரிக்கா போனான். ஒரே பிள்ளை. வழியனுப்பிய அன்றைக்கு பெரியப்பா அழவில்லை. அதற்குப் பதிலாக ஏத்தங்காய் உப்பேரியை எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்று விமானக் கம்பெனிக்காரனிடம் அரை மணி நேரம் வாதாடினார்.

2023-ல், நல்ல குளிர் காலம். அங்கே சில கடைகளில், சாமான்களை யந்திரத்தில் நாமே காட்டி, நாமே பணம் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். தம்பி அரிசியைக் காட்டினான், பாலைக் காட்டினான், முட்டையைக் காட்டினான். ஒரு ஜோடி கம்பளிக் கையுறையை மட்டும் காட்டாமல் பையில் போட்டுக்கொண்டான். விலை இருபத்திரண்டு டாலர். வாசலில் பிடித்துவிட்டார்கள்.

அன்று நள்ளிரவு எனக்கு டெலிபோன் வந்தது. "மறந்துட்டியாடா?" என்று கேட்டேன். அவன் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம், நானும் நம்பியிருப்பேன். "மறக்கல அக்கா. கையில காசு கம்மியா இருந்து. சபலம். அம்மைக்கிட்ட சொல்லிராதே" என்றான்.

கோர்ட்டில் அவனுக்கு அரசாங்கச் செலவில் ஒரு வக்கீல் கிடைத்தார். தாழ்வாரத்தில் நின்றபடியே ஐந்து நிமிஷம் பேசினார். "குற்றத்தை ஒப்புக்கொள். அபராதம் கட்டு. ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்திரு. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் கேஸ் தள்ளுபடி. உன் பெயரில் ஒன்றும் இருக்காது" என்றார். தம்பி என்னைக் கூப்பிட்டு, "சரின்னு சொல்லட்டா அக்கா?" என்றான்.

நான் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "வக்கீலே சொல்லுகாரு, பொறவு என்ன? ஒத்துக்கிட்டு ரூவாயக் கெட்டிட்டுப் படிப்பப் பாரு!"

யாராயிருந்தாலும் அப்படித்தானே சொல்வோம்? நீங்களே சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் அபராதம் போட்டால் கட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள்தானே நாம்?

வக்கீல் சொன்னபடியே எல்லாம் நடந்தது. 2024-ல் கேஸ் தள்ளுபடியாயிற்று. படிப்பு முடிந்து, உத்தியோகம் கிடைத்து, அதற்குரிய அனுமதியும் அங்கிருந்தபடியே கிடைத்துவிட்டது. 2025 ஆடி மாதம் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். தம்பி ஓடி வந்து கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் அடியந்திரமும் முடிந்தது. திரும்பிப் போவதற்குப் புது உத்தியோகத்துக்கான விசா முத்திரை வேண்டும். அதற்கு மனு எழுத உட்கார்ந்தோம்.

அந்த மனுவில் ஒரு கேள்வி. நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா. பிற்பாடு மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி ஒரு கேள்வி. தம்பி என்னைப் பார்த்தான். "கேஸுதான் தள்ளுபடி ஆயாச்சே அக்கா. 'இல்லை'ன்னு போட்டா என்ன?" என்று மெதுவாகக் கேட்டான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வாயிலும் 'போட்டுவிடு' என்ற வார்த்தைதான் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து பெரியம்மை சுக்குக் காப்பியோடு வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். "என்ன கேக்கான் அதுல?" என்றாள். இனி மறைக்க வழியில்லை. கையுறைக் கதை முழுவதும் வெளியே வந்தது. அவள் கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உன்னப் புடிச்சானா இல்லியா?" என்று கேட்டாள்.

"புடிச்சான்."

"அப்பம் புடிச்சான்னு எழுது. அப்பா போன வீட்டுல இருந்துக்கிட்டுப் பொய் எழுதாத மக்களே."

எழுதினான். நேர்முகப் பேட்டிக்குச் சென்னை வந்தான். கோர்ட்டுக் காகிதங்களின் அத்தாட்சிப் பிரதிகள் வேண்டுமென்றார்கள், வரவழைத்துக் கொடுத்தான். 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தது. மாதங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பாங்கிக் கடனுக்குத் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. வேலை கொடுத்தவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்களோ?

இதுதான் பெரியம்மையின் கேள்விக்குப் பின்னாலிருக்கும் கதை. பதில் தேடி நான் வக்கீல்களிடம் போனேன், தீர்ப்புகளைப் படித்தேன். படிக்கப் படிக்க, என் அறியாமைதான் எனக்குத் துலங்கிற்று. தெரிந்துகொண்டதை, மட்டிப்பழமும் கையுமாக அந்த வடசேரி நடுக்கூடத்தில் உட்கார்ந்து பெரியம்மையிடம் சொன்ன மாதிரியே உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்நிய நாட்டில் இருக்கிறவனுக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள் உண்டு. ஒன்று கோர்ட்டாருடையது, மற்றது குடியேற்ற இலாகாவினுடையது. கோர்ட்டுப் புத்தகத்தில் கணக்கு தீர்ந்துவிட்டால் இலாகாவின் புத்தகத்திலும் தீர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை.

பெரியம்மை சட்டென்று பிடித்துக்கொண்டாள். "கோர்ட்டுல அபராதம் போட்ட பொறவும் ஊருல தள்ளி வைக்கான் பாரு, அது மாதிரியா?" என்றாள். அதே மாதிரிதான்!

வேடிக்கை என்னவென்றால், நாடு கடத்துவது தண்டனையே அல்ல என்று அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1893-லேயே சொல்லிவிட்டது. அது வெறும் நிர்வாக நடவடிக்கையாம். தண்டனை இல்லையென்றால், தண்டனைக்கு உரிய பாதுகாப்புகளும் இல்லை. கிரிமினல் கோர்ட்டில் ஏழைக்கு அரசாங்கம் வக்கீல் வைத்துக் கொடுக்கும். குடியேற்ற நீதிமன்றத்தில் அந்த உரிமை கிடையாது. வசதி இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தனியாகத்தான் நின்று பேச வேண்டும்.

ஒரு காலத்தில் இதற்கு ஒரு பரிகாரம் இருந்தது. தண்டனை விதிக்கிற நீதிபதியே, 'இந்த மனிதனை நாடு கடத்த வேண்டாம்' என்று சிபாரிசு எழுதலாம். இலாகா அதற்குக் கட்டுப்பட வேண்டும். 1917-லிருந்து இருந்த அந்த அதிகாரத்தை 1990-ல் எடுத்துவிட்டார்கள். 1996-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு விதத்தில் தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால், தீர்ப்பை நிறுத்தி வைத்திருந்தாலும் சரி, குடியேற்ற இலாகாவின் கணக்கில் அவன் தண்டனை பெற்றவன்தான்.

எங்கள் தம்பி விழுந்த குழி இதுதான். அவன் இருந்த மாகாணத்தின் கணக்கில் அவன் பேரில் குற்றமே இல்லை. அதே தேசத்தின் இன்னொரு அலுவலகக் கணக்கில் அவன் குற்றவாளி. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை!

"அப்பம் அழிச்சது அழிச்சதில்லியா?" என்றாள் பெரியம்மை.

அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 'பையன் திருந்திவிட்டான், நல்ல பிள்ளை' என்று இரக்கப்பட்டு ஒரு கோர்ட்டு பழைய தண்டனையை அழித்தால், குடியேற்ற இலாகா அந்த அழிப்பை ஏற்றுக்கொள்ளாது. 1999-ல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் அப்படி முடிவு செய்தது. விசாரணையிலேயே சட்டப்படி ஒரு கோளாறு இருந்தது என்பதற்காகத் தண்டனையை ரத்து செய்தால்தான் செல்லும் என்று 2003-ல் அதே வாரியம் விளக்கிற்று. அதாவது, கருணை காரணமாக அழிந்தால் அழியவில்லை. பிழை காரணமாக அழிந்தால்தான் அழிந்தது.

அப்படியானால் பிழை என்பது எது? இங்கேதான் ஹோஸே பாடில்லா என்பவரின் கதை வருகிறது. ஹாண்டுராஸ் தேசத்தில் பிறந்தவர். நாற்பது வருஷங்களுக்கு மேல் அமெரிக்காவில் சட்டப்படி வசித்தவர். வியட்நாம் யுத்தத்தின்போது அந்த நாட்டு ராணுவத்தில் சேவை செய்தவர். லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். வண்டியில் கஞ்சா அகப்பட்டது. 'இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், குடியேற்ற விஷயத்தில் கவலைப்பட வேண்டியதில்லை' என்று அவருடைய வக்கீல் தைரியம் சொன்னார். அதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அந்த ஒப்புதலே அவரை நாடு கடத்தப் போதும் என்று.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2010 மார்ச் 31-ந் தேதி தீர்ப்பு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாட்டைவிட்டு அனுப்பப்படும் அபாயம் உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை. சொல்லத் தவறினால் அது பிழைதான் என்று ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் கூறினார்கள். 2013-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, இது பழைய வழக்குகளுக்குப் பொருந்தாது என்று கோடு கிழித்துவிட்டது.

2017-ல் ஜே லீ என்பவருக்கு ஓரளவு நல்ல காலம் பிறந்தது. பதின்மூன்று வயதில் தென் கொரியாவிலிருந்து பெற்றோருடன் வந்து, மெம்பிஸ் நகரில் உணவு விடுதி நடத்தி வந்தவர். போதை மாத்திரை வழக்கு. 'உங்களை அனுப்பவே மாட்டார்கள்' என்று அவருடைய வக்கீலும் அடித்துச் சொன்னாராம். வழக்காடியிருந்தாலும் ஜெயிக்க வாய்ப்பு சொற்பம்தான். ஆனால், நாட்டை விட்டே போக வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தச் சொற்ப வாய்ப்பையும் ஒரு மனிதன் பற்றிக்கொண்டிருப்பான் அல்லவா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. மனுஷ சுபாவத்தைத் தெரிந்துகொண்ட தீர்ப்பு!

எல்லாருக்கும் இப்படி வாய்த்துவிடுகிறதா? சுப்ரமணியம் வேதம் என்பவரின் கதையைச் சொன்னபோது பெரியம்மை உரித்த பழத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

அவர் இந்தியாவில் பிறந்து, ஒன்பது மாதக் குழந்தையாக அமெரிக்கா போனவர். தகப்பனார் பென்சில்வேனியாவில் ஒரு சர்வகலாசாலையில் ஆசிரியர். வாலிபத்தில் ஒரு போதைப்பொருள் வழக்கு. அதற்கு மேல், நண்பர் ஒருவரைக் கொன்றதாக ஒரு கொலை வழக்கு. 1983-ல் ஆயுள் தண்டனை. 'நான் செய்யவில்லை' என்று சொல்லிக்கொண்டே சிறையில் இருந்தார். அங்கேயே பட்டங்கள் பெற்றார். மற்றக் கைதிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தாயும் தகப்பனும் அவர் உள்ளே இருக்கும்போதே காலமானார்கள். அரசுத் தரப்பு வெளியே காட்டாமல் வைத்திருந்த தடயங்கள் பிற்பாடு அகப்பட்டன. 2025 ஆகஸ்டில் நீதிபதி கொலைத் தண்டனையை ரத்து செய்தார். அக்டோபர் மாதம் குற்றச்சாட்டையே வாபஸ் வாங்கினார்கள். நாற்பத்து மூன்று வருஷங்கள்!

அக்டோபர் 3-ந் தேதி சிறைக் கதவு திறந்தது. வெளியே வீட்டார் காத்திருந்தார்கள். ஆனால் அவர் வீட்டுக்குப் போகவில்லை. குடியேற்ற இலாகா அதிகாரிகள் அங்கிருந்தே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். காரணம், 1988-ல் பிறப்பித்திருந்த பழைய நாடு கடத்தல் உத்தரவு. கொலை வழக்கு பொய்யாய்ப் போயிற்று. அந்த வாலிப வயதுப் போதைப்பொருள் வழக்கு போகவில்லை. பிறகு இரண்டு நீதிமன்றங்கள் அவரை அனுப்பக்கூடாதென்று தடை விதித்தன. அறுபத்து நாலு வயதில், கைக்குழந்தையாக விட்டுவந்த தேசத்துக்கு அவரை அனுப்புவதா என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி.

"பெத்தவ இருந்திருந்தா என்ன பாடு பட்டிருப்பா!" என்றாள் பெரியம்மை. வெகு நேரம் பேசவில்லை.

அமெரிக்காவைப் பற்றி மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நம் தமிழ்நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்களை உச்ச நீதிமன்றம் தன் விசேஷ அதிகாரத்தைக் கொண்டு 2022-ல் விடுதலை செய்தது நினைவிருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் உயிர் இழந்தவர்களின் குடும்பத்தார் படும் துயரத்தை நான் மறக்கவில்லை. விடுதலை சரியா தவறா என்ற விவாதத்துக்கும் வரவில்லை. அன்று நடந்ததை மட்டும் பாருங்கள். ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு. நளினி இந்தியப் பிரஜை. அவர் வீட்டுக்குப் போனார். அவருடைய கணவர் முருகன் இலங்கைப் பிரஜை; அவரும் சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகியோரும் சிறையிலிருந்து திருச்சி கொட்டப்பட்டு சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தண்டனைக் காலம் முழுவதும் கைதிகளாயிருந்தவர்கள், விடுதலையான அன்று அந்நியர்கள் ஆனார்கள்.

சாந்தனுக்கு, யாழ்ப்பாணத்தில் இருந்த வயதான தாயாரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஊர் போக அனுமதியும் வந்திருந்தது. ஆனால் 2024 பிப்ரவரி 28-ந் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். தாயாரிடம் அவருடைய உடல்தான் போயிற்று. மற்ற மூவரும் ஏப்ரல் 3-ந் தேதி கொழும்புக்கு விமானம் ஏறினார்கள்.

இன்னும் சில நாடுகள் இதற்கென்று மாதக் கணக்கே வைத்திருக்கின்றன. பிரிட்டனில் 2007-ல் வந்த சட்டம், பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற அந்நியரை நாடு கடத்தியாக வேண்டும் என்று விதித்தது. ஆஸ்திரேலியாவில் 2014-லிருந்து, அதே பன்னிரண்டு மாதத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் விசாவைக் கட்டாயமாக ரத்து செய்கிறார்கள். கனடாவில் 2013-ல் வந்த சட்டத்தின்படி, ஆறு மாதம் சிறைத் தண்டனை பெற்றால், அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவருக்குக்கூட நாடு கடத்தலை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமை போய்விடும். ஒரு நாள் கூடிற்றா குறைந்தா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து நிற்கிறது.

"எல்லாம் செரி. நம்ம பிள்ளைக்கு வழி உண்டா?" என்று கேட்டாள் பெரியம்மை. தாய் அல்லவா? ஊர் உலகத்துக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தன் மடிக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

உண்டு என்றுதான் வக்கீல்கள் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்திலேயே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. ஒரே ஒரு சிறு குற்றம். அதற்கு அதிகபட்சம் ஒரு வருஷத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. விதித்த தண்டனையும் ஆறு மாதத்துக்கு மேற்படவில்லை என்றால், அதைக் கொண்டு மட்டும் உள்ளே வருவதைத் தடுக்கக் கூடாது என்கிறது அது. தம்பியின் வழக்கு அதற்குள் அடங்கும் என்பது நம்பிக்கை. அதற்குத்தான் அந்தக் கோர்ட்டுக் காகிதங்கள். அது பலிக்காவிட்டால் இரண்டாவது வழி: தாழ்வாரத்தில் ஐந்து நிமிஷம் பேசிய வக்கீல் குடியேற்ற அபாயத்தைச் சொல்லவேயில்லை என்று அதே கோர்ட்டுக்குப் போய், ஒப்புதலையே ரத்து செய்யக் கேட்பது. செலவு பிடிக்கும், நாள் பிடிக்கும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இன்னொன்றும் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு மனுவில் 'இல்லை' என்று எழுதியிருந்தால், கையுறையை எடுத்தது போய், பொய் சொல்லி விசா கேட்டது என்ற குற்றமல்லவா வந்திருக்கும்! அதற்கு ஆயுள் முழுவதும் தடை விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டாம். கல்லூரியில் படித்த நானும், அமெரிக்காவில் படித்த அவனும் சேர்ந்து கதவைச் சாத்த இருந்தோம். எட்டாம் வகுப்போடு நின்ற பெரியம்மை காப்பி டம்ளரோடு வந்து தடுத்தாள்.

அப்போதுதான் நானும் சொல்லிவிட்டேன். "பெரியம்மை, அன்னைக்கு ஒத்துக்கிட்டு ரூவாயக் கெட்டுன்னு சொன்னது நான்தான்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன் மக்களே. ஆனா நான் அவங்கிட்ட 'சாவுக்கு வா'ன்னு கூப்பிடாம இருந்திருந்தா அவன் அங்கனயே இருந்திருப்பான் பாரு. அத நெனச்சா எனக்கு ராத்திரி உறக்கம் வல்ல" என்றாள்.

அவளுக்கும் ஒரு பாரம் இருந்திருக்கிறது! இத்தனை மாதங்களாக இரண்டு பேரும் ஆளுக்கொரு பாரத்தை மறைத்துச் சுமந்துகொண்டிருந்தோம்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்கலாம். பெண்ணோ மருமகனோ இருக்கலாம். திருட்டு, அடிதடி போன்ற குற்றங்களால் விசா பறிபோகும் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகமே 2025 ஜூலையில் எச்சரித்தது. கடையில் ஒரு சபலம், குடித்துவிட்டுக் கார் ஓட்டுவது, கோபத்தில் மனைவியைக் கை நீட்டுவது எல்லாம் அங்கே போலீஸ் ஏட்டில் ஏறும். ஏறிய பின் 'சட்டுப்புட்டென்று முடித்துவிடு' என்று நான் சொன்ன மாதிரி சொல்லாதீர்கள். 'நீ ஒப்புக்கொண்டால் உன் விசா என்னவாகும் என்று வக்கீலைக் கேட்டாயா? குடியேற்றச் சட்டம் தெரிந்த இன்னொரு வக்கீலையும் கேட்டாயா?' என்று கேளுங்கள். கோர்ட்டுக் காகிதம் ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சிப் பிரதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எந்த மனுவிலும் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'அம்மைக்கிட்ட சொல்லிராதே' என்று பிள்ளைகள் ஒளிக்க வேண்டாதபடி வீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் புறப்பட்டேன். ஆரல்வாய்மொழி தாண்டும்போது இன்னொரு பழைய கதை நினைவுக்கு வந்தது. நாஞ்சில்நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம். அந்தக் கணவாய்தான் எல்லை. 1910 செப்டம்பரில், 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை, சமஸ்தானத்தைக் குறை கூறி எழுதியதற்காக, விசாரணை எதுவும் இல்லாமல் அந்த வழியாகத்தான் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவர் பிறகு திருவிதாங்கூருக்குத் திரும்பவேயில்லை. 1916-ல் கண்ணூரில் காலமானார். அவருடைய மனைவி கல்யாணி அம்மாவும் அந்த அஞ்ஞாத வாசத்தில் பங்கு கொண்டார். தங்கள் பன்னிரண்டு வருஷ வாழ்க்கையின் நினைவுகளைப் பின்னர் ஒரு புத்தகமாகவும் எழுதினார். எல்லைக்கு வெளியே அனுப்ப உத்தரவு ஒருவர் பெயருக்குத்தான் வருகிறது. மூட்டை கட்டுவது என்னவோ வீடு முழுவதும்தான்.

நான் பஸ் ஏறும்போது தம்பியும் வந்திருந்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன சமயம், பெரியம்மை என் கையைப் பிடித்து, "மக்களே, அந்தக் கம்பளிக் கையுறை நம்ம ஊருல கெடைக்கல. மெட்ராஸ்ல கெடச்சா ஒரு சோடி வாங்கி அனுப்பு. இந்த மட்டம் போகும்போது போட்டுக்கிட்டுப் போகட்டும்" என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

வாங்கிவிட்டேன். சாம்பல் நிறம். நல்ல கனம். பில்லையும் சேர்த்து மடித்து அனுப்பி வைத்திருக்கிறேன்.